நின்றபடியே செத்த செடிகள்

தக்காளிக்காரன் அன்று காலை தன் தோட்டத்தில் பார்த்ததை நோய் என்று நினைக்கவில்லை. கொலை என்றுதான் நினைத்தான். முந்தின நாள் மாலை தலை நிமிர்ந்து நின்ற செடிகள், விடிந்தபோது இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றன. மஞ்சள் பூக்கவில்லை, கருகவில்லை, பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. கொதிக்கிற வெந்நீரை யாரோ தலையில் கொட்டியது போல, பச்சை மாறாமல் நின்றபடியே செத்திருந்தன. காய்கள் மட்டும் விஷயம் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் ஒரு செடியைப் பிடுங்கினான். அடுத்ததைப் பிடுங்கினான். பிறகு வரிசையாகப் பிடுங்கி எறிய ஆரம்பித்தான். கூடைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த அவன் பெண்டாட்டி கூடைகளைக் கீழே வைத்தாள்.

"வேரைப் பாரு. புழு இருக்கா? முடிச்சு இருக்கா? அழுகல் இருக்கா?" என்று ஒரு செடியை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். மண் அவள் கண்ணில் தெறித்தது. "நல்ல வேரு. நல்ல வேரு வச்ச செடி ராத்திரியோட ராத்திரியா எப்படிச் சாகும்? சொல்லு."

"வெயில் ஏறினா நிமிருமோ என்னமோ."

"செத்தவன் நிமிருவானா?"

நிலத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அது அவள் அப்பா விட்டுப்போன நிலம். சரிபாதியாகப் பிரித்து ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் தம்பிக்கு. அவள் பாதி கொஞ்சம் மேடு, தம்பி பாதி கொஞ்சம் பள்ளம், நடுவே ஒரு வரப்பு. அவள் பாதியில் புருஷன் தக்காளி போட்டான். சந்தையில் எல்லாரும் அவனைத் தக்காளிக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பேருக்கு ஒரு கெத்தோடுதான் திரும்பிப் பார்ப்பான்.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டு மண்ணைக் கெடுக்கிறவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. அதில் அவன் வெகு கவனம். ஒரு வருஷம் தக்காளி, அடுத்த வருஷம் மிளகாய், அதற்கடுத்து கத்திரி, மறுபடி தக்காளி. "மண்ணுக்கும் நாக்கு உண்டு, மாத்தி மாத்திக் குடுக்கணும்" என்று கடைவாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பான்.

தம்பிதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துவிட்டான். "மச்சான், தக்காளி, மிளகாய், கத்திரி மூணும் ஒரே குடும்பம். மாமியார் போய் நாத்தனார் வந்தா வீடு மாறிடுச்சுன்னு அர்த்தமா? அதே சண்டைதானே நடக்கும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தக்காளிக்காரன் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

தம்பிக்கும் மூன்று வருஷம் முன்னால் தக்காளி இதே மாதிரி செத்தது. அதன்பிறகு அவன் மக்காச்சோளம் போட்டான், தட்டைப்பயறு போட்டான், வெங்காயம் போட்டான். சோளம் போட்ட அன்றிலிருந்து மச்சான் அவனைச் 'சோளம்' என்றுதான் கூப்பிட்டான். தட்டைப்பயறு நின்ற காலத்தில் தம்பி ஒரு செடியைப் பிடுங்கி அக்காவிடம் காட்டினான். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினான். உள்ளே பச்சை இறைச்சி போல இளஞ்சிவப்பு.

"இதுக்குள்ள இருக்கறதும் பாக்டீரியாதான்க்கா. இது நமக்கு உழைக்கற கூட்டம். மண்ணுக்குக் கீழே நடக்கறது அடிதடிதான். ஒரே ரவுடிக்கு வருஷம் பூரா சோறு போட்டா தெருவே அவன் கைக்குப் போயிடும். சோத்தை நிறுத்தி வேற ஆளுங்களை உள்ள விட்டா, அவங்களே அவனை அடிச்சு ஒடுக்கிடுவாங்க."

இப்போது அவன் மண் தயாராகிவிட்டது. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மேட்டுப்பாத்தி போட்டு, தக்காளி நாற்றைக் குழித்தட்டில் வளர்த்து வைத்திருந்தான். மூன்று வருஷம் காத்திருந்து போடப்போகிற தக்காளி. அது கைகொடுக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போக வேண்டியதுதான் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கிவிடாமல் இருக்க வரப்பை ஒட்டித் தன் பக்கம் ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினான். நுழைகிற இடத்தில் ஒரு பேசின் நிறைய பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்து, யார் வந்தாலும் காலை முக்கிவிட்டு உள்ளே வரச் சொன்னான். மச்சானையும் சொன்னான். மச்சான் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

செத்த செடியைக் கையில் பிடித்தபடி தக்காளிக்காரன் வரப்புக்குப் போனான். வாய்க்கால் கரை நெடுக வெள்ளைப் பொடி தூவிக் கிடந்தது.

"பார்த்தியா" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. அவன் கத்தும்போது பயப்படாத அவள், குரல் தாழ்ந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "மருந்தை இங்க தூவியிருக்கான். என் தக்காளி செத்தா சந்தையில அவன் தக்காளி மட்டும் நிக்கும். இதுக்குத்தான் மூணு வருஷம் சோளம் போட்டுக் கமுக்கமா உட்கார்ந்திருந்தானா?"

"அது பிளீச்சிங் பவுடருங்க. மூட்டை தூக்கினதே நான்தான்."

"நீயும் கூட்டா?"

அவன் மண்வெட்டியைத் தரையில் அடித்தான். இரும்பு கழன்று தெறித்தது. காம்பு கையில் நின்றது.

தம்பி மோட்டார் ரூமில் குனிந்து, கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வைக் கழுவிக்கொண்டிருந்தான். மச்சான் வருகிற வேகத்தைக் கவனிக்கவில்லை. காலை மட்டும் பார்த்தான். "மச்சான், ரெண்டே நிமிஷம், காலை நனைச்சுட்டு வாங்களேன்" என்றான்.

முதல் அடி தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விழுந்தது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல ஒரு சத்தம். அது அவள் காதுக்கு வரப்பிலேயே கேட்டது. தம்பி கத்தவில்லை. மூச்சுத்தான் "ஹ" என்று வெளியே வந்தது. இரண்டாவது அடிக்குக் காம்பு ஓங்கியபோது அவன் தலையைத் தாழ்த்தி மச்சான் வயிற்றில் முட்டினான். இருவரும் கதவோடு சேர்ந்து வெளியே விழுந்து, கயிறு பிடித்துப் போட்ட மேட்டுப்பாத்தியின்மேல் உருண்டார்கள். தக்காளிக்காரன் மேலே ஏறி உட்கார்ந்து, மச்சினன் முகத்தை அந்தப் பொலபொல மண்ணுக்குள் அழுத்தினான்.

"தின்னுடா. உன் மண்ணு நல்ல மண்ணுதானே. தின்னு."

தம்பியின் ஒரு கைதான் வேலை செய்தது. அந்தக் கையால் மச்சான் தலைமயிரைப் பிடித்துக் கீழே இழுத்தான். வாய்க்கு எட்டியது காது. கடித்தான். கடித்ததை விடவில்லை. தக்காளிக்காரன் எழுப்பிய ஊளையில் ரோட்டில் போன டிராக்டர் நின்றது.

அவள் ஓடிப்போய்ப் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை பின்னால் வந்து அவள் வாயில் இடித்தது. நாக்கில் சிறு கல் போல ஏதோ புரண்டது. துப்பினாள். பல்லின் பாதி.

டிராக்டர்காரன் வந்து மூவரையும் பிரித்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனான். ஒரே டாக்டர், ஒரே பெஞ்சு. எக்ஸ்ரே எடுத்து, தம்பிக்குத் தோளில் காரை எலும்பு முறிந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், எப்படி நடந்தது என்று கேட்டார்.

"மோட்டார் ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்றாள், உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு.

"விழறப்ப இவர் காதைக் கவ்விக்கிட்டு விழுந்தாரா?" என்று கேட்டுவிட்டு, அவர் காதைத் தைத்தார். "உங்களுக்கு?"

"நான் தூக்கிவிடப் போனேன்."

"அடுத்த தடவை வழுக்கறதுக்குள்ள போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய்ட்டு வாங்க."

தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி மெல்லச் சொன்னான்: "அக்கா, செத்த செடியோட அடித்தண்டை வெட்டு. கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து அதுல முனை மட்டும் படற மாதிரி தொங்கவிடு. மச்சானையும் பார்க்கச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. கண்ணு சொன்னா நம்புவாரு."

அன்று மதியம் சமையலறையில் அவள் அதைத்தான் செய்தாள். காதில் கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தான் புருஷன். பக்கத்தில் அரிவாள்மனை கிடந்ததை அவள் காலால் மேடைக்கடியில் தள்ளினாள். தண்டு டம்ளரில் தொங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டின முனையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் புறப்பட்டது. பால் நூல் போல நேரே கீழே இறங்கி, டம்ளரின் அடியில் புகையாகச் சுருண்டது. பின்னாலேயே இன்னொன்று.

"என்ன அது?"

"பாக்டீரியாவாம். கோடிக்கணக்குல. தண்டுல தண்ணி ஏறுற குழாயை அடைச்சுக்குதாம். செடி தாகத்துலயே சாகுது. மருந்தெல்லாம் இல்லீங்க."

"மருந்து வச்சாலும் பால் வடியும்."

"அப்ப நீங்களே வேற செடியை வெட்டிப் பாருங்க."

அவன் போய், தோட்டத்து ஓரத்தில் போன வருஷம் மிச்சம் நின்ற கத்திரியில் வாடின கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தான். "இது பக்கம் எந்தப் பொடியும் வரல" என்று தானே டம்ளர் கழுவி, தானே தண்ணீர் பிடித்து, தானே தொங்கவிட்டான். அதிலிருந்தும் இறங்கியது. அதே வெள்ளை நூல், அதே சுருள்.

அவன் குனிந்து இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். போன வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடிய கத்திரியை வெயில் என்று சொல்லியிருந்தான். அதற்கு முந்தைய மிளகாயைத் தண்ணீர் குறைச்சல் என்று சொல்லியிருந்தான். மாற்றி மாற்றிப் போட்டதாகக் கடைவாசலில் அளந்ததெல்லாம் ஒரே வாய்க்கு ஊட்டிய சோறு. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அந்த டம்ளரே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. விஷயம் முடிந்துவிட்டது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் வாயை விட்டாள். தம்பி அவமானப்படுத்தவில்லை என்று புரியவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். காலில் ஒட்டின மண்ணில் அது போகும், அதனால்தான் பேசின். மண்வெட்டியில் போகும், செத்த செடியில் இருக்கும். எல்லாவற்றையும்விடத் தண்ணீரில்தான் வேகமாகப் போகும், அதனால்தான் வாய்க்கால். ஒரு பாத்தியில் இறங்கிவிட்டால் அவன் மூன்று வருஷம் காத்ததும் போச்சு.

"தண்ணியில போகும்" என்றான் புருஷன்.

"ஆமா."

"சரி" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். வழி சொல்லிக் கொடுத்தவள் தான்தான் என்பது அவளுக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

மறுநாள் அவள் கடையிலிருந்து திரும்பியபோது தங்கள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. செத்த தோட்டத்துக்கு எதற்குத் தண்ணீர்? அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். தோட்டம் குளமாக நின்றது. மொத்தச் செடியையும் புருஷன் பிடுங்கி, தம்பி வெட்டிய வாய்க்காலில் திணித்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்துப் பாலம் போட்டிருந்தான். இப்போது வரப்பின்மேல் நின்று புது மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒரு வெட்டு வாய் திறந்து, கலங்கின தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி முதல் பாத்தியின் மூலைக்குள் புகுந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"நாளைக்கு அவன் ஆள் வச்சு நாத்து நடறான். நடட்டும். என்னுது செத்த மாதிரி அவனுதும் நிக்கறப்பவே சாகட்டும். சந்தையில ரெண்டு பேரும் சேர்ந்தே கையை வீசிட்டுப் போவோம்."

"அவன் என்ன செஞ்சான் உங்களுக்கு?"

"சிரிச்சான்" என்றான் அவன். "நீயும்தான் சிரிச்ச."

வெட்டின வாயில் அவள் இறங்கி நின்றாள். தண்ணீர் முட்டிவரை மோதியது. புடவையை விரித்து அடைக்கப் பார்த்தாள். அவன் பக்கத்திலேயே அடுத்த வெட்டுப் போட்டான். அவள் இரண்டு காலையும் அகட்டி அங்கேயும் வைத்தாள்.

"எடு காலை."

"எடுக்க மாட்டேங்க."

"ஏய், எடுன்னா."

மண்வெட்டி இறங்கியது. அவன் காலைக் குறிவைத்தானா, காலுக்குப் பக்கத்து மண்ணைக் குறிவைத்தானா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, பிற்பாடும் தெரியவில்லை. இரும்பு அவள் பாதத்தின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு போனது. சுண்டுவிரல் தொங்கியது. முதலில் வலிக்கவில்லை, குளிர்ந்தது. பிறகு தண்ணீர் சிவந்தது. அந்தச் சிவப்பும் பள்ளம் பார்த்துத் தம்பி பக்கம்தான் ஓடியது.

அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. வரப்பில் கரை காக்கப் பதித்திருந்த கல்லில் ஒன்றை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்தாள். அவன் மண்வெட்டியை மறுபடி ஓங்குவதற்காக ஒரு காலில் பாரம் போட்டு நின்றான். அந்த முட்டியில் பக்கவாட்டில் இறக்கினாள். முட்டி போகக் கூடாத பக்கம் போயிற்று. அவன் வரப்பிலிருந்து தன் குளத்துக்குள் மல்லாந்து விழுந்தான். எழப் பார்த்தவனின் தொடையில் இன்னொரு முறை இறக்கினாள். மூன்றாவதற்குக் கல்லைத் தூக்கியபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் கல்லை வெட்டின வாயில் போட்டாள். அங்கேதான் அது வேண்டியிருந்தது.

மோட்டார் சத்தத்துக்கு மேலே இந்தச் சத்தம் கேட்டு, தோளைக் கட்டியபடி தம்பி ஓடிவந்தான். வாய்க்காலைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான், அக்காவின் காலைப் பார்த்தான், தண்ணீரில் கிடக்கும் மச்சானைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை. கிடந்த மண்வெட்டியை நல்ல கையால் எடுத்துக்கொண்டு மச்சானை நோக்கி நடந்தான்.

அவன் அடித்தால் மண்டை பிளக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தடுக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"முதல்ல வாயை அடைடா" என்றாள். "தண்ணி போய்ட்டிருக்கு. அடைச்சுட்டு அப்புறம் அடி."

அவன் நின்றான். தண்ணீர் பாத்திக்குள் நாக்கு நீட்டிப் போவதைப் பார்த்தான். திரும்பிவந்து மண்ணை வெட்டித் தள்ள ஆரம்பித்தான். ஒற்றைக் கையால் வெட்டும்போதெல்லாம் முறிந்த எலும்பு உரசி அவன் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அவள் நொண்டிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். திரும்பிவந்து உட்கார்ந்தபடியே மண்ணை வாரிப் போட்டாள். கடைசி ஓட்டை அடைபட்டபோது தம்பி மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு மச்சானுக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தான். வியர்வையில் கட்டு அவிழ்ந்து தொங்கியது.

"அடிக்கறதுன்னா அடிடா" என்றான் தக்காளிக்காரன். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"கை வரல மச்சான்" என்றான் தம்பி. "வந்திருந்தா அடிச்சிருப்பேன்."

"வண்டிக்காவது சொல்லு."

"சொல்றேன். இருங்க. மூச்சு வாங்கிக்கறேன்."

அவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஐந்தாறு பாத்தி நனைந்து கறுத்திருந்தது. மிச்சம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. "அந்த மூலை போச்சா?"

தம்பி தலையாட்டினான். "அதுல தக்காளி வைக்க முடியாது. அதுகூடப் பரவால்லக்கா. மழை பெய்ஞ்சா அங்கிருந்து மத்ததுக்கு இறங்கும். நாத்தை வித்துட்டு லாரிக்கே போறேன்."

"லாரிக்குப் போற கையைப் பாரு" என்றாள். புடவைத் தலைப்பைக் கிழித்துப் பாதத்தை இறுக்கிக் கட்டினாள். பிறகு மண்வெட்டியை அவன் மடியிலிருந்து வாங்கி, அதையே ஊன்றிக்கொண்டு எழுந்தாள். தன் வரப்பைத் தாண்டித் தம்பி நிலத்துக்குள் இறங்கி, நனைந்த மண்ணுக்கும் நனையாத மண்ணுக்கும் நடுவே, காய்ந்த பக்கமாகத் தாராளமாகத் தள்ளி ஒரு கோடு கிழித்தாள்.

"இனிமே வரப்பு இங்க. வாய்க்காலும் இங்க. இதுக்கு அந்தப் பக்கம் நனைஞ்சது பூரா என் பாதியில சேர்த்துக்கறேன். உனக்கு நஷ்டத்துக்கு மேட்டோரம் தரிசா புல்லு கிடக்கே, அந்தத் துண்டை எடுத்துக்க. அதுல தக்காளிக் குடும்பத்துல ஒருத்தரும் கால் வச்சதில்ல."

தம்பி அந்தத் துண்டைப் பார்த்தான். "கல்லு நிறைய இருக்கே."

"பொறுக்கு."

தண்ணீரில் கிடந்த தக்காளிக்காரன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "அந்தத் துண்டை நான் அடுத்த போகத்துக்கு வச்சிருந்தேன். என்னைக் கேக்காம நீ யாரு தூக்கிக் குடுக்க? அது என் துண்டு."

"இல்லீங்க" என்றாள் அவள். "என்னோடது. நீங்க கிடக்கற இடமும் என்னோடதுதான். அதுல வர்ற வெள்ளி மக்காச்சோளம் விதைக்கறேன்."

தம்பி ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் போட்டான். மூன்று பேர், ஒருத்தரைப் படுக்கவைத்துத்தான் தூக்க வேண்டும் என்று சொன்னான். எப்படி அடிபட்டது என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். அவன் போனைக் காதில் வைத்தபடி அக்காவைப் பார்த்தான். அவள் கோட்டின்மேல் முதல் வெட்டுப் போட்டுவிட்டிருந்தாள்.